ஓணத்தை ஓணத்தோடு ஒப்பிடுவோம்: சிறு வணிகர்க்கான வணிக நுண்ணறிவுப் பாடம்

2023ஆம் ஆண்டில் திருவோணம் ஆகஸ்ட் 29ஆம் நாள் வந்தது. 2024ஆம் ஆண்டில் அது செப்டம்பர் 15ஆம் நாளுக்குத் தள்ளிப் போயிற்று. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலோ அதையடுத்த சாலைக் கடைத்தெருவிலோ துணிக்கடை நடத்தும் ஒருவர், இவ்விரு ஆண்டுகளின் ஆகஸ்ட் மாத விற்பனையை அருகருகே வைத்துப் பார்க்கிறார் என்று கொள்வோம். வியாபாரம் சரிந்துவிட்டதே என்று அவர் அஞ்சக்கூடும். செப்டம்பர் மாதங்களை மட்டும் ஒப்பிட்டவரோ, வியாபாரம் பெருகிவிட்டது என்று மகிழ்ந்து அடுத்த பருவத்திற்குச் சரக்கைக் குவிக்கக்கூடும். இருவருடைய கணக்கிலும் கூட்டல் கழித்தல் பிழை ஏதும் இல்லை. ஆனால் இருவருமே தவறான முடிவை நோக்கிச் செல்கின்றனர். நாட்காட்டியில் பண்டிகை நகர்ந்ததை அவர்களுடைய எண்கள் சொல்லவில்லை. அவர்களும் எண்களிடம் அதைக் கேட்கவில்லை.

எண்களிடம் சரியான கேள்வியைக் கேட்டு, கிடைத்த விடையைக் கொண்டு தொழிலின் அடுத்த அடியைத் தீர்மானிக்கும் முறைக்கு ‘வணிக நுண்ணறிவு’ என்று பெயர். இது பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் நம் வணிகரிடையே பரவலாக உள்ளது. ஒரு கணினியும் ஒரு குறிப்பேடும் உள்ள கடைக்கும் இது எவ்வாறு பயன்படும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன், 1958ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் ஆய்விதழில் வணிக நுண்ணறிவு முறைமை ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரு நிறுவனத்திற்குள் வந்து குவியும் ஆவணங்களில் எது யாருக்குத் தேவையோ அது அவரிடம் உரிய நேரத்தில் சென்று சேர வேண்டும் என்பதே அவருடைய அக்கறை. தெரிந்த செய்திகளுக்கு இடையே உள்ள தொடர்பைக் கண்டு, அதனைச் செயலுக்கு வழிகாட்டியாக்கும் திறனையே அவர் நுண்ணறிவு எனக் கருதினார். நம் வங்கி அட்டைகளின் எண்ணில் கடைசி இலக்கம், முன்னுள்ள இலக்கங்கள் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்பதைச் சோதிக்க உதவுகிறது. அச்சோதனைக் கணக்கை வகுத்தவரும் இதே லூன்தான். 1989ஆம் ஆண்டுக்குப் பின் ஹோவர்டு டிரெஸ்னர் என்பவர் வழியாக இச்சொல் இன்றைய பொருளில் பரவியது.

இம்முறையில் மூன்று படிகள் உள்ளன. முதற்படி தரவு: ஒவ்வொரு பில்லும், ஒவ்வொரு யூ.பி.ஐ. வரவும், ஒவ்வொரு கொள்முதலும் தனித்தனித் தரவுகள். இரண்டாம் படி தகவல்: அத்தரவுகளைப் பொருள்வாரியாக, வாரவாரியாக, வாடிக்கையாளர்வாரியாகத் தொகுத்தால் கிடைப்பது. மூன்றாம் படி முடிவு: எதை வாங்குவது, எதை நிறுத்துவது, யாருக்குக் கடன் கொடுப்பது என்பன. நம்மில் பெரும்பாலோரிடம் முதற்படி இருக்கிறது. 2017 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி.யும், 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ.யும் சிறு கடையையும் தரவுக் களஞ்சியமாக்கிவிட்டன. அத்தரவு வரித்தாக்கலுக்காகத் தணிக்கையாளரிடம் செல்கிறது, அங்கேயே தங்கிவிடுகிறது. உரிமையாளரின் மேசைக்குத் தகவலாகத் திரும்பி வருவதில்லை. விடுபட்ட இந்தத் திரும்பு பயணத்தை உண்டாக்குவதே நாம் செய்ய வேண்டிய வேலை.

முதற் பாடம்: உங்கள் தெருவின் நாட்காட்டி

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெரு, இன்றும் ஆங்கில மாதங்களின்படி இயங்குவதில்லை. ஓணம், விஷு, ஆற்றுகால் பொங்காலை, பத்மநாப சுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனி ஆறாட்டுகள், நவராத்திரி, சபரிமலைப் பருவம் என அதற்குத் தனியான ஆண்டு உண்டு. ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும்போது விமான ஓடுபாதையைக் கடந்தாக வேண்டும். அதற்காக விமான நிலையம் தன் நேர அட்டவணையையே மாற்றிக்கொள்கிறது. கடைக்காரர் தம் கணக்கு அட்டவணையை மாற்றிக்கொள்ளாதிருப்பது பொருந்துமா?

பொங்காலையை எடுத்துக்கொள்வோம். கும்ப மாதத்துப் பூர நட்சத்திர நாளையொட்டி வரும் இவ்விழா 2023இல் மார்ச் 7ஆம் நாளும், 2024இல் பிப்ரவரி 25ஆம் நாளும், 2025இல் மார்ச் 13ஆம் நாளும் நடந்தது. 2009ஆம் ஆண்டுப் பொங்காலையில் 25 லட்சம் பெண்கள் பங்கேற்றதாகக் கின்னஸ் பதிவு உள்ளது. மண்பானை, வெல்லம், பச்சரிசி, தேங்காய், கைத்தறித் துணி ஆகியவற்றின் விற்பனை அந்த ஒரு நாளைச் சுற்றியே எழுந்து அடங்கும். எனவே ‘பிப்ரவரி விற்பனை’ என்னும் தலைப்பு இவ்வணிகர்க்குப் பொருளற்றது. ‘பொங்காலைக்கு முந்தைய 21 நாள்’, ‘முந்தைய 7 நாள்’, ‘பிந்தைய 7 நாள்’ என்னும் தலைப்புகளே பொருளுடையவை. ஓணத்திற்கும் அவ்வாறே அத்தம் முதல் திருவோணம் வரையிலான நாள்களைத் தனியே தொகுக்க வேண்டும். 2022இல் செப்டம்பர் 8, 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5 என்று திருவோண நாள்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பின்னோக்கி எண்ணினால் ஓணத்தை ஓணத்தோடு ஒப்பிட்டதாகும்.

எண்ணுக்கு அருகில் ஒரு குறிப்பும் வேண்டும். 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தது. துயரத்தையொட்டிக் கேரள அரசு அவ்வாண்டின் ஓண வாரக் கொண்டாட்டங்களைக் கைவிட்டது. அவ்வாண்டின் பண்டிகை விற்பனையை 2025உடன் ஒப்பிடுபவர் இதனை அறியாவிட்டால், வளர்ச்சியைத் தம் சாமர்த்தியம் என்று எண்ணிவிடுவார். கனமழை, சாலைத் தோண்டல், கடையடைப்பு, எதிரில் புதுக்கடை திறப்பு ஆகியவற்றைத் தேதியுடன் எழுதி வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் மென்பொருளைக் காட்டிலும் பயன்தரும்.

பருவ விற்பனையில் ஊகம் எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் வால்மார்ட் ஒரு சான்று. 2004இல் பிரான்சிஸ் புயல் நெருங்கியபோது, முந்தைய புயலின் விற்பனைப் பதிவுகளை அந்நிறுவனம் ஆராய்ந்தது. கைவிளக்குகள் போவது எவருக்கும் தெரிந்ததே. ஆனால் அடுப்பின்றி உண்ணத்தக்க ஸ்ட்ராபெரித் தின்பண்டம் ஒன்று புயலுக்கு முன் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்ததும் அப்போது தெரியவந்தது. அதன்படி அச்சரக்கு லாரிகளில் அனுப்பப்பட்டது. உங்கள் கடையிலும் பண்டிகைக்கு முன் எதிர்பாராது விற்ற பொருள் ஒன்று சென்ற ஆண்டுப் பில்களில் ஒளிந்திருக்கலாம்.

இரண்டாம் பாடம்: லாப விகிதம் முழு உண்மையைச் சொல்லாது

விளக்கத்திற்காக ஒரு பாத்திரக் கடையைக் கற்பனை செய்வோம். அதன் ஆண்டு விற்பனை 120 லட்சம் ரூபாய். மூன்று வகைச் சரக்குகள்:

எவர்சில்வர்: விற்பனை 60 லட்சம், மொத்த லாபம் 15 விழுக்காடு, அதாவது 9 லட்சம், சராசரி இருப்பு 12 லட்சம்.

பித்தளை: விற்பனை 24 லட்சம், மொத்த லாபம் 25 விழுக்காடு, அதாவது 6 லட்சம், சராசரி இருப்பு 15 லட்சம்.

பிளாஸ்டிக் வீட்டுப் பொருள்: விற்பனை 36 லட்சம், மொத்த லாபம் 10 விழுக்காடு, அதாவது 3.6 லட்சம், சராசரி இருப்பு 3 லட்சம்.

எதில் அதிக ஆதாயம் என்று கேட்டால் பெரும்பாலோர் பித்தளையைச் சுட்டுவர். 25 விழுக்காடு அல்லவா! இப்போது கேள்வியை மாற்றுவோம்: இருப்பில் முடங்கிய ஒவ்வொரு ரூபாயும் ஓராண்டில் எவ்வளவு மொத்த லாபம் ஈட்டியது? பித்தளையில் 6 லட்சத்தை 15 லட்சத்தால் வகுத்தால் 40 காசு. எவர்சில்வரில் 75 காசு. பிளாஸ்டிக்கில் 1 ரூபாய் 20 காசு. வரிசை தலைகீழாக மாறிவிட்டது.

காரணம் சுழற்சி. விற்ற சரக்கின் அடக்க விலையோடு ஒப்பிட்டால், பிளாஸ்டிக் ஏறத்தாழ 34 நாள்களிலும், எவர்சில்வர் 86 நாள்களிலும், பித்தளை 304 நாள்களிலும் ஒரு சுற்று வருகின்றன. இருப்பு முழுவதும் 10 விழுக்காடு வட்டிக் கடனில் வாங்கப்பட்டது என்று கொண்டால், பித்தளை இருப்பின் ஆண்டு வட்டி 1.5 லட்சம். அதன் மொத்த லாபத்தில் நான்கில் ஒரு பங்கை வட்டியே கொண்டுபோகிறது. பிளாஸ்டிக்கில் அப்பங்கு பன்னிரண்டில் ஒன்றுதான்.

அவ்வாறாயின் பித்தளையை நிறுத்திவிடலாமா? அவசரம் வேண்டா. பில்களை மீண்டும் வாரவாரியாகப் பார்த்தால், குத்துவிளக்கும் உருளியும் விஷுவுக்கும் கார்த்திகைக்கும் திருமண மாதங்களுக்கும் முன்னரே பெரிதும் விற்பது புலப்படலாம். விளக்கு வாங்க வந்தவர் அதே பில்லில் எவர்சில்வரும் வாங்கியிருக்கலாம். அப்படியானால் எடுக்க வேண்டிய முடிவு, பருவமற்ற மாதங்களில் பித்தளை இருப்பைக் குறைப்பதாகும். விற்பனை குறையாமல் சராசரி இருப்பை 15 லட்சத்திலிருந்து 10 லட்சமாக்க முடிந்தால், ரூபாய்க்கு 40 காசாக இருந்தது 60 காசாகிறது. 5 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. ஆண்டுக்கு 50,000 ரூபாய் வட்டி மிச்சமாகிறது. விலையை உயர்த்தாமலும் வாடிக்கையாளர் ஒருவரையேனும் இழக்காமலும் கிடைத்த ஆதாயம் இது.

மூன்றாம் பாடம்: அளவுகோலை முதலில் வரையறுங்கள்

கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் நிற்பவர்க்குச் ‘சிட்டி சர்குலர்’ பேருந்துகள் புதியவை அல்ல. 2021 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் நகருக்குள் நிறங்களால் அழைக்கப்படும் வட்டப் பாதைகளை வகுத்து இச்சேவையைத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் மின்சாரப் பேருந்துகள் இவ்வழிகளில் ஓடத் தொடங்கின. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இம்மின்சாரப் பேருந்துகள் லாபத்தில் ஓடுகின்றனவா, நட்டத்தில் ஓடுகின்றனவா என்னும் விவாதம் பொதுவெளியில் எழுந்தது.

யார் சொன்னது சரி என்பது நம் பாடத்திற்கு வேண்டியதில்லை. அத்தகைய விவாதம் ஏன் எழ முடியும் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. போக்குவரத்துத் துறையில் ஒரு கிலோமீட்டருக்கான வருவாய், ஒரு கிலோமீட்டருக்கான செலவு என்னும் இரு அளவுகோல்கள் உண்டு. செலவில் மின்கட்டணமும் பணியாளர் ஊதியமும் மட்டும் சேருமா, பேருந்து வாங்கிய விலையும் அதன் தேய்மானமும் சேருமா, மின்கல மாற்றத்திற்கான ஒதுக்கீடும் சேருமா என்பதைப் பொறுத்து அதே வண்டி, அதே வழி, அதே நாளில் லாபமாகவும் நட்டமாகவும் தோன்றும்.

சிறு வணிகத்திலும் இவ்வாறே நிகழ்கிறது. சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துபவர் வாடகையைச் செலவாக எழுதுவதில்லை. மனைவியும் மகனும் கல்லாவில் அமர்ந்தால் ஊதியம் எழுதுவதில்லை. அதன் பயனாகக் கடை லாபத்தில் நடப்பதாகத் தோன்றும். இரண்டாம் கிளையை வாடகைக் கட்டடத்தில், ஊதியப் பணியாளருடன் திறந்த பின்னரே, முதற்கடை ஈட்டிய ‘லாபம்’ உண்மையில் குடும்பத்தின் வாடகையும் கூலியும் என்பது தெரியவரும். ஆகவே எந்த எண்ணைப் பார்ப்பதற்கும் முன், அதில் எவை சேர்ந்தன, எவை சேரவில்லை என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் அவ்வரையறையை மாற்றாதீர்கள்.

நான்காம் பாடம்: வங்கிக்குத் தரும் அறிக்கை உங்களுக்கே உரியது

கேஷ் கிரெடிட் கணக்கு வைத்துள்ளோர் மாதந்தோறும் இருப்பு அறிக்கை தருகின்றனர். கடன் பிரிவில் பணியாற்றும் எவரும் அறிந்த செய்தி, பல அறிக்கைகளில் சென்ற மாத எண்களே சிறு மாற்றத்துடன் திரும்ப வருகின்றன என்பது. அதனை வங்கிக்காக நிரப்பும் படிவமாகக் கருதுவதால் நேரும் விளைவு இது. உண்மையில் இருப்பு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி மூன்றையும் ஒரே தாளில் காட்டும் அவ்வறிக்கை, கட்டணமின்றிக் கிடைக்கும் வணிக நுண்ணறிவு அறிக்கையாகும்.

அதில் இரண்டு எண்களை மட்டும் கவனியுங்கள். முதலாவது, பாக்கி வர எத்தனை நாள் ஆகிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய்க்குக் கடன் விற்பனை செய்பவர்க்கு 6 லட்சம் நிலுவை இருந்தால், சராசரியாக 61 நாள் கழித்தே பணம் வருகிறது எனலாம். இரண்டாவது, நீங்கள் எத்தனை நாளில் கொடுக்கிறீர்கள் என்பது. பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 2023-24 நிதியாண்டுக் கணக்கு முதல், அக்கெடுவைத் தாண்டிய தொகையை உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலும். 61 நாளில் வாங்கி 45 நாளில் கொடுப்பவரின் இடைவெளி 16 நாள். அவ்விடைவெளியை நிரப்புவது வங்கிக் கடன். அதன் விலை வட்டி. எந்த வாடிக்கையாளரின் பாக்கி அந்த 61ஐ இழுத்து நீட்டுகிறது என்று பெயர்வாரியாகப் பார்ப்பவர், யாரிடம் பேச வேண்டும் என்பதை அறிந்துகொள்வார்.

கடன் வரம்புக்கும் இதே கணக்கு அடிப்படை. 1991இல் ரிசர்வ் வங்கி அமைத்த பி.ஆர். நாயக் குழுவின் பரிந்துரைப்படி, சிறு தொழில்களின் நடைமுறை மூலதனத் தேவை எதிர்பார்க்கப்படும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு எனக் கொள்ளப்படுகிறது. அதில் 20 விழுக்காட்டை வங்கி தருகிறது. 5 விழுக்காடு உரிமையாளரின் பங்கு. மேற்சொன்ன பாத்திரக் கடைக்கு 120 லட்சம் விற்பனையில் வங்கியின் பங்கு 24 லட்சம். ஓணம் நகர்ந்ததால் பெருத்துத் தோன்றிய ஒரு மாதத்தை வைத்து அடுத்த ஆண்டு விற்பனை 150 லட்சம் என்று மதிப்பிட்டால் அது 30 லட்சமாகிறது. கூடுதலாகப் பெற்ற 6 லட்சம் விற்காத சரக்காக அலமாரியில் நிற்கும். வட்டியோ மாதந்தோறும் 5,000 ரூபாய் வீதம் ஏறும். பழைய, விலைபோகாத சரக்கைப் பணம் எடுக்கும் தகுதிக்கணக்கில் வங்கி பொதுவாகச் சேர்ப்பதில்லை. எனவே தகுதி சுருங்கும். நிலுவை அதனைத் தாண்டும். தொடர்ந்து 90 நாள் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். தவறான ஒப்பீட்டில் தொடங்கியது, பல ஆண்டு உழைப்பில் சேர்த்த நற்பெயரைத் தொட்டுவிடுகிறது. பெரிய வரம்பு கிடைப்பதைவிடச் சரியான வரம்பு கிடைப்பதே வணிகர்க்கு நன்மை.

எண்களுக்கும் எல்லை உண்டு

சாகித்திய அகாதெமி விருது பெற்ற தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவன், சாலைத் தெருவில் பாத்திரக் கடை நடத்தியவர்; கடைத்தெருவின் மனிதரைக் கல்லாவில் அமர்ந்தபடியே கூர்ந்து நோக்கி எழுதியவர். பில் புத்தகத்தில் பதிவாகாத செய்திகள் அத்தகைய நோக்கில்தான் அகப்படும். கேட்ட பொருள் இல்லை என்றதும் திரும்பிச் சென்றவர் எந்தப் பதிவிலும் இல்லை. விற்றது மட்டுமே கணினிக்குத் தெரியும். ஆகவே ‘கேட்டும் இல்லாதவை’ என்று ஒரு சிறு குறிப்பேட்டைக் கல்லாவின் அருகில் வைத்து, பணியாளர் அதில் எழுதுமாறு பழக்குங்கள்.

வாடிக்கையாளரின் கைபேசி எண்ணையும் கொள்முதல் விவரத்தையும் சேர்ப்போர்க்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலையும் நோக்கத்தையும் முதன்மையாகக் கருதுகிறது. பில் அனுப்பவென்று பெற்ற எண்ணை வேறு எதற்கும் பயன்படுத்தாதிருப்பது சட்டத்திற்கும் வணிக அறத்திற்கும் உகந்தது.

தொடங்கும் முறை

முதல் வாரத்தில், நீங்கள் இவ்வாண்டு எடுக்க வேண்டிய ஒரே ஒரு முடிவை எழுதுங்கள். ‘பித்தளை இருப்பைக் குறைக்கலாமா?’ என்பது போலக் கேள்வி குறிப்பாக இருக்கட்டும்.

இரண்டாம் வாரத்தில், அம்முடிவுக்கு வேண்டிய தரவை மட்டும் திரட்டுங்கள். கணக்கு மென்பொருளிலிருந்து பொருள்வாரி விற்பனையையும் இருப்பையும் எடுக்கலாம். ஒரே பொருள் இரண்டு மூன்று பெயர்களில் பதிவாகியிருந்தால் அதனை முதலில் சீர்செய்யுங்கள். இவ்வேலை சலிப்புத் தரும், ஆயினும் தவிர்க்க இயலாதது.

மூன்றாம் வாரத்தில், மூன்று ஆண்டுப் பண்டிகை நாள்களைக் குறித்து, பருவத்தைப் பருவத்தோடு ஒப்பிடுங்கள்.

நான்காம் வாரத்தில் முடிவெடுங்கள். எடுத்த முடிவையும், அதனால் என்ன நிகழும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் தேதியிட்டு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அத்தாளைத் திறந்து பாருங்கள். எதிர்பார்த்தது நிகழாவிடில் காரணத்தைத் தேடுங்கள். கற்றல் அங்கேதான் தொடங்குகிறது.

கடன் வரம்பைப் புதுப்பிக்க வரும்போது இத்தாள்களையும் உடன் கொண்டுவாருங்கள். ‘அடுத்த ஆண்டு விற்பனை உயரும்’ என்று வாய்மொழியாகச் சொல்பவரைக் காட்டிலும், ‘மூன்று ஓணங்களில் இவ்வளவு விற்றது, ஆகவே அடுத்த ஓணத்திற்கு இவ்வளவு வேண்டும்’ என்று காட்டுபவரின் மனுவைப் பரிசீலிப்பது எளிது. கேட்கும் தொகை சிறியதாக இருப்பினும், அது தேவைப்படும் மாதத்தில் தடையின்றிக் கிடைக்க அத்தாள்கள் துணைநிற்கும்.